எர்த்துக் குழிக்குத் தண்ணீர் ஊற்றியாச்சா?

கரிசல் பக்கம் மின்சாரக் கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் கேட்காத கேள்விகள்

தூத்துக்குடி சிலாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4-ம் தேதி திறக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில்தான் அடிக்கல் நாட்டினார்கள். வியட்நாம் கம்பெனி, முதல் கட்டத்தில் ஆண்டுக்கு 50,000 மின்சாரக் கார்கள் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. அங்கிருந்து மதுரைக்கு வருகிற நாலுவழிச் சாலை எட்டயபுரம், பந்தல்குடி, அருப்புக்கோட்டை, காரியாபட்டி என்று நம் ஊர்களை உரசிக்கொண்டுதான் போகிறது. இந்தப் பக்கம் கிழக்கே திரும்பினால் கமுதி செங்கப்படை. 2016-ல் அங்கே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தபோது, ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது என்று பேசினார்கள். 2,500 ஏக்கர், சுமார் 25 லட்சம் பலகைகள். மிளகாயும் பருத்தியும் போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பூமியில், வானத்திலிருந்து தவறாமல் இறங்குவது வெயில் ஒன்றுதான் என்று கண்டுபிடித்து அதை அறுவடை செய்கிறார்கள்.

தெற்கே கார் தயாராகிறது, கிழக்கே கரண்ட் தயாராகிறது. நடுவில் இருக்கிற அருப்புக்கோட்டை, திருச்சுழிக்காரர்கள் மின்சாரக் கார் வாங்கலாமா?

பச்சை நம்பர் பிளேட் வண்டியை டீக்கடை முன்னால் நிறுத்தினால் போதும், “அண்ணாச்சி, ஒரு சார்ஜுக்கு எவ்ளோ ஓடும்?” என்று யாராவது கேட்டுவிடுவார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சுலபம்: கம்பெனி விளம்பரத்தில் போட்டிருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. சோதனைக்கூடத்தில் ஓடிய கிலோமீட்டர் அது. நாலுவழிச் சாலையில் ஏ.சி. போட்டு ஓடுவது வேறு. 24 யூனிட் பேட்டரி உள்ள சின்னக் கார் நம் சாலையில் 150-லிருந்து 180 கிலோமீட்டர் தரும். 45 யூனிட் வண்டி 300-ஐ ஒட்டி வரும். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்குப் போய்வர சுமார் 100 கிலோமீட்டர். விருதுநகர் போய்வர 40. திருச்சுழி போய்வர 30. இந்த ஊர்க்காரர் ஒருவரின் அன்றாட ஓட்டத்துக்கு இன்று விற்கிற எந்த மின்சாரக் காரும் போதும்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. ராத்திரி வண்டி எங்கே நிற்கும்? நிற்கிற இடத்தில் எர்த் எப்படி இருக்கிறது?

சிவப்பு விளக்கு எரிகிற கதை

காரோடு ஒரு சார்ஜர் தருவார்கள். வயர் நடுவே செங்கல் அளவுக்கு ஒரு பெட்டி, ஒரு பக்கம் 15 ஆம்பியர் பிளக், இன்னொரு பக்கம் காரில் செருகும் கன். சாதாரணமாக ஏ.சி. மெஷினுக்குப் போடுகிற சாக்கெட்டிலேயே செருகலாம் என்று ஷோரூமில் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் அந்தப் பெட்டி, கரண்டை காருக்குள் விடுவதற்கு முன் ஒரு வேலை செய்கிறது. சாக்கெட்டில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எவ்வளவு வோல்டேஜ் நிற்கிறது என்று பார்க்கிறது. திருப்தியில்லை என்றால் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடும்.

ஃபிரிட்ஜ் இதைப் பார்ப்பதில்லை, கிரைண்டர் பார்ப்பதில்லை. எர்த்தே இல்லாமல் இருபது வருஷம் ஓடிய வீடுகள் நம் பக்கம் ஏராளம். ஃபிரிட்ஜைத் தொட்டால் லேசாகச் சுள்ளென்றால் செருப்புப் போட்டுக்கொண்டு திறப்போம், அவ்வளவுதான். கார் வந்த முதல் ராத்திரியே அந்தக் குட்டு வெளிப்படுகிறது. வீட்டுக்காரர் புது வண்டியில் கோளாறு என்று ஷோரூமுக்குப் போன் போடுகிறார். கோளாறு வாசலுக்குப் பக்கத்தில், மண்ணுக்குள் இருக்கிறது.

வறண்ட பூமியில் இது கூடுதல் தொல்லை. மண்ணில் ஈரம் இருந்தால்தான் கரண்ட் கசிவு பூமிக்குள் இறங்கும். கரிசல் மண் மழைக்காலத்தில் இதற்கு அருமையான மண். பங்குனி, சித்திரையில் பாளம் பாளமாக வெடித்து, புதைத்த பைப்பை விட்டே மண் விலகி நிற்கும். செம்மண்ணும் சரளையும் கலந்த பக்கங்களில் நாலடி தோண்டினால் பாறை தட்டும். ஆடியில் போட்ட எர்த் ஐப்பசி மழையில் நன்றாக வேலை செய்து, அடுத்த சித்திரையில் செத்துவிடும். சார்ஜரும் கரெக்டாக ஏப்ரல் மாதம் சிவப்பு விளக்கு காட்டும்.

சரியான வழி பழைய வழிதான். எட்டு, பத்து அடிக் குழி. நடுவில் துளை போட்ட ஜி.ஐ. பைப் அல்லது செம்புத் தகடு. சுற்றி ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு என்று மாற்றி மாற்றி. கரிக்கு இந்த ஊரில் பஞ்சமா? சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி லோடு லோடாக வெளியூருக்கு அனுப்புகிற பூமி இது. உப்புக்குத் தூத்துக்குடி பக்கத்தில். பைப்பின் தலையில் புனல் வைத்து, மூடி போட்டு, கோடை முழுக்க வாரம் ஒரு தடவை இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். இந்தத் தண்ணீர் ஊற்றும் வேலையை எழுதிவைத்துக்கொள்ளாவிட்டால் மறந்துபோகும். குடிக்கிற தண்ணீருக்கே லாரி பார்க்கிற தெருவில் குழிக்கு ஊற்ற மனசு வராது என்றால், கழுவிய தண்ணீர் போதும். பெண்டோனைட் களிமண் நிரப்பிய கெமிக்கல் எர்த்திங் இப்போது கிடைக்கிறது. விலை கூட, பராமரிப்புக் குறைவு. பாறை தட்டுகிற இடத்துக்கு அதுதான் நல்லது. எதைப் போட்டாலும் எலக்ட்ரீஷியனிடம் எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஐந்து ஓமுக்குள் வர வேண்டும்.

ஒரு குறுக்குவழி இருக்கிறது. சொல்லாமல் விட்டால் யாராவது செய்துவிடுவார்கள் என்பதால் சொல்கிறேன். சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சின்ன வயரால் ஒட்டிவிட்டால் சார்ஜர் ஏமாந்து பச்சை விளக்கு காட்டும். ஐந்து நிமிட வேலை, குழி செலவு மிச்சம். ஆனால் கம்பத்தில் நியூட்ரல் அறுந்துபோனால் – காற்றுக் காலத்தில் நம் கிராமங்களில் அறுந்துபோகும் – காரின் பாடி முழுக்கக் கரண்ட் ஏறிவிடும். கதவைத் தொடுகிற குழந்தைக்கு அது தெரியாது. இந்த ஒட்டுப் போடுகிற எலக்ட்ரீஷியனை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

மீதி வேலை சின்னது. மீட்டர் போர்டிலிருந்து காருக்கென்றே தனி லைன், 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர். அதற்குத் தனி எம்.சி.பி., கரண்ட் கசிந்தால் தானே அணைகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. நல்ல கம்பெனி சாக்கெட். கிரைண்டர் அரைமணி நேரம் ஓடும். கார் எட்டு மணி நேரம் விடாமல் 3.3 கிலோவாட் இழுக்கும். மலிவு சாக்கெட் மூன்றாம் மாதம் உருகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் முதல் வாரமே உருகும்.

ஈ.பி. ஆபீஸில் ஒரு காலை

ஒற்றை ஃபேஸ் இணைப்பில் பெரும்பாலும் நான்கு கிலோவாட் வரைதான் அனுமதிக்கப்பட்ட பளு. கார் மட்டும் 3.3 எடுத்துக்கொண்டால் ஏ.சி. மெஷினுக்கும் மோட்டாருக்கும் இடமில்லை. எனவே கார் புக் பண்ணும்போதே மூன்று ஃபேஸ் கேட்டு விண்ணப்பம் கொடுத்துவிடுவது நல்லது. டவுனில் அது சாதாரண வேலை. நரிக்குடி, வீரசோழன் பக்கத்துக் கிராமங்களில் லைனின் கடைசி வீடாக இருந்தால் விஷயம் வேறு. சாயந்திரம் ஆறரைக்குமேல் எல்லா வீட்டிலும் விளக்கும் டி.வி.யும் மிக்ஸியும் ஓடத் தொடங்கியதும் வோல்டேஜ் படுத்துவிடும். ரொம்பப் படுத்தால் சார்ஜர் தானாக நின்றுவிடும். கார் வாங்குமுன் ஒரு வாரம் சாக்கெட்டில் வோல்ட் மீட்டர் செருகி ராத்திரி ஏழு மணிக்கும் பதினோரு மணிக்கும் பாருங்கள். பதினோரு மணிக்கு 210-க்குமேல் நின்றால் கவலையில்லை. காரிலோ அதன் செயலியிலோ நேரம் வைத்துவிட்டால் எல்லோரும் தூங்கிய பிறகு தானாகச் சார்ஜ் ஏறத் தொடங்கும்.

தோட்டத்து பம்புசெட்டில் மூன்று ஃபேஸ் இருக்கிறதே, அங்கே போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 1990-லிருந்து விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வாங்கிவருகிற இணைப்பு அது. அதில் காருக்குச் சார்ஜ் போட்டால் மின்சாரத் திருட்டு வழக்குதான். வேண்டாம்.

பில் கணக்கு இப்படி. நம் சாலையில் ஒரு யூனிட்டுக்கு ஆறிலிருந்து ஏழு கிலோமீட்டர். சார்ஜ் ஏறும்போது வீணாகிற பத்துப் பன்னிரண்டு சதவீதத்தையும் சேர்த்தால் 100 கிலோமீட்டருக்கு 17 யூனிட். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் 170. இரண்டு மாத பில்லில் 340 யூனிட் கூடும். ஏற்கெனவே 300 யூனிட் ஓடுகிற வீடு 640-க்குப் போகும். 500-ஐத் தாண்டினால் படி மாறிவிடும், அதற்குமேல் ஒவ்வொரு படிக்கும் விலை ஏறும், எண்ணூறைத் தாண்டினால் யூனிட் பத்து ரூபாய்க்கு மேல் போய்விடும். “சார்ஜ் செலவு ஒண்ணுமே இல்ல” என்று சொல்கிற விற்பனையாளர் உங்கள் ஈ.பி. அட்டையைப் பார்த்ததில்லை.

மொட்டை மாடி காலியாகக் கிடக்கிற வீட்டுக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் சோலார் போட்டால் 78,000 ரூபாய் மானியம். நம் வெயிலுக்கு 3 கிலோவாட் சராசரியாக நாளுக்கு 12 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 700 யூனிட். பகலில் ஈ.பி.க்குக் கொடுத்துவிட்டு ராத்திரி வாங்கிக்கொள்வதை நெட் மீட்டர் பார்த்துக்கொள்ளும். கார் ஓட்டமும் வீட்டுச் செலவில் பெரும்பகுதியும் அதில் அடங்கிவிடும். கமுதியில் கம்பெனி செய்கிற விவசாயத்தை நம் மாடியில் சிறு அளவில் செய்வதுதான். மாதம் ஒருமுறை பலகையில் படிகிற செம்மண் புழுதியைத் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் விளைச்சல் குறையும்.

நாலுவழிச் சாலையில் கன் பிடிப்பது

வீட்டு வேலை முடிந்தால் பொது சார்ஜர் உங்களுக்கு எப்போதாவது தேவைப்படுகிற விஷயமாகிவிடும். திருச்செந்தூர், கொடைக்கானல், சென்னை. அந்த எப்போதாவது வருகிற நாளுக்குத்தான் கொஞ்சம் விஷய ஞானம் வேண்டும்.

பொது சார்ஜரில் இரண்டு சாதி. ஏ.சி. சார்ஜர் மெதுவானது: 3.3 அல்லது 7.4 கிலோவாட். சாப்பிட்டு, தூங்கி, கல்யாணம் பார்த்துவிட்டு வருவதற்குள் ஏறும். டி.சி. சார்ஜர் வேகமானது: 25-லிருந்து 120 கிலோவாட், சில இடங்களில் அதற்கும் மேல். காருக்கான டி.சி. கன்னுக்கு சி.சி.எஸ்.2 என்று பெயர். இன்று வருகிற கார்களில் அநேகமாக எல்லாவற்றுக்கும் அதுதான். வாங்கப்போகிற மாடலில் டி.சி. வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆரம்ப விலை வேரியண்ட் சிலவற்றில் இருக்காது. அந்த வண்டியை ஊருக்குள்ளே வைத்துக்கொள்ளலாம், சென்னைக்கு எடுத்துப்போக முடியாது.

போர்டில் 60 கிலோவாட் என்று போட்டிருப்பதால் 60-ம் உங்களுக்கு வந்துவிடாது. முதல் விஷயம், கார் எவ்வளவு வாங்கிக்கொள்ளுமோ அவ்வளவுதான். சின்னக் கார் 25, 30-க்குமேல் வாங்காது. அடுத்து, ஒரே மெஷினில் இரண்டு கன் இருந்து, பக்கத்தில் இன்னொருவர் வந்து செருகினால் பாதி பாதியாகப் பிரியும். பிறகு வெயில். மதியம் ஒன்றரை மணிக்கு 100-ல் ஓட்டிவந்து உடனே கன்னைச் செருகினால் சூடான பேட்டரி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கடைசியாக எண்பது சதவீதம்: அதற்குமேல் பேட்டரி நிரம்ப நிரம்ப வேகம் விழுந்துகொண்டே வரும். பத்திலிருந்து எண்பதுக்கு எவ்வளவு நேரம் ஆகிறதோ, அதில் பாதிக்குமேல் கடைசி இருபதுக்கு மட்டும் கூடுதலாக ஆகும். எண்பதில் கழற்றிவிட்டு அடுத்த ஊருக்குப் போவதுதான் லாபம். பின்னால் காத்திருக்கிறவர் வயிறெரிச்சலும் மிச்சம்.

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு செயலி, ஒவ்வொரு செயலிக்கும் ஒரு வாலட். பெட்ரோல் பங்கில் பர்ஸை நீட்டுகிற பழக்கத்தோடு போனால் திண்டாட்டம்தான். டாடா பவர், கோவைக்காரர்களான ஸியான், ஸ்டாடிக் என்று நம் சாலையில் அதிகம் தட்டுப்படுகிற மூன்று நான்கை வீட்டிலேயே, வைஃபை இருக்கும்போதே இறக்கி, கொஞ்சம் பணம் போட்டுவைத்து, ஒருமுறை உள்ளூரிலேயே சார்ஜ் போட்டுப் பழகிவிடுங்கள். பிளக்‌ஷேர் போன்ற செயலிகளில் அந்த சார்ஜரைக் கடைசியாக யார், எப்போது பயன்படுத்தினார்கள், வேலை செய்ததா என்று ஓட்டுநர்களே எழுதிவைத்திருப்பார்கள். கம்பெனி வரைபடத்தில் இருக்கிற பச்சைப் புள்ளியைவிட அந்த இரண்டு வரிக்குத்தான் மதிப்பு. அதிலும் சந்தேகம் என்றால் மெஷின் இருக்கிற ஓட்டலுக்குப் போன் போட்டு, “மெஷின் ஓடுதாண்ணே?” என்று கேட்டுவிட்டுக் கிளம்புவதில் வெட்கமில்லை.

போன பிறகும் சில குடைச்சல்கள் உண்டு. மெஷினில் திரையே எரியவில்லை என்றால் சிவப்பு அவசர பொத்தானைப் பாருங்கள். வேடிக்கை பார்க்க வந்த பையன் யாராவது அமுக்கிவிட்டுப் போயிருப்பான். அம்புக்குறி திசையில் திருகினால் வெளியே வரும், மெஷின் உயிர் பெறும். சார்ஜ் தொடங்கவில்லை என்றால் கன்னைக் கழற்றி, காரை லாக் செய்து திறந்து, மறுபடி அழுத்திச் செருகுங்கள். கேபிள் கனமானது; தொங்கவிட்டால் பின் சரியாகப் படியாது, கையில் தாங்கிப் பிடிக்க வேண்டும். முடிந்து கன் வெளியே வரவில்லை என்றால் இழுக்காதீர்கள், காரை அன்லாக் செய்தால் விடும். சார்ஜர் முன்னால் டீசல் இன்னோவா நின்றால், உள்ளே போய் இட்லி சாப்பிடுகிறவரைத் தேடிப்பிடித்து “அண்ணே, வண்டியக் கொஞ்சம்…” என்று சொல்லத்தான் வேண்டும். இதற்குச் செயலி இல்லை.

இருபது சதவீதம் இருக்கும்போதே சார்ஜரை அடைகிற மாதிரி திட்டம் போடுங்கள். அந்த மெஷின் படுத்துவிட்டால் அடுத்ததற்குப் போக அந்த இருபது வேண்டும்.

விலையும் தெரிந்திருக்க வேண்டும். பொது டி.சி. சார்ஜரில் யூனிட் பதினெட்டிலிருந்து இருபத்தைந்து ரூபாய் வரை ஆகும், 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேர்த்து. அந்தக் கணக்கில் கிலோமீட்டருக்கு மூன்று, மூன்றரை ரூபாய். பெட்ரோலைவிடக் குறைவு, வீட்டுக் கரண்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பொது சார்ஜரையே நம்பி கார் வாங்குகிறவருக்கு மிச்சம் பெரிதாக ஒன்றும் தேறாது.

பேட்டரி எதிலே சீக்கிரம் தீரும் என்று கேட்டால், ஏ.சி.யைச் சொல்வார்கள். நாலுவழிச் சாலையில் ஓடுகிற வண்டியில் ஏ.சி. பெரும்பாலும் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் எடுக்கும். வெயிலில் நின்ற காரை முதல் பத்து நிமிடம் குளிரவைக்கும்போதுதான் அதிகம் இழுக்கும். வேப்பமர நிழல் அதற்கு மருந்து. உண்மையில் தின்பது வேகமும் காற்றும். 80-ல் போகிற வண்டியை 100-க்கு ஏற்றினால் கிலோமீட்டர் கண்ணெதிரே கரையும். ஆடி மாதம் பந்தல்குடியைத் தாண்டி எட்டயபுரம் பக்கம் போகிறவர்களுக்கு மேற்கத்திக் காற்று தெரியும். பனை மரங்களையே ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருக்கிறது. பெட்ரோல் வண்டியில் அந்தக் காற்றின் விலை நமக்குத் தெரியாது. மின்சாரக் காரில் மீட்டரில் தெரியும். அந்த மாதங்களில் தூத்துக்குடிக்குப் போய்வரும் கணக்கில் பதினைந்து சதவீதம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று முள். பல மின்சாரக் கார்களில் ஸ்டெப்னி கிடையாது, பங்க்சர் ஒட்டும் கிட்தான். சீமைக் கருவேல முள் சிதறிக்கிடக்கிற கண்மாய்க்கரைச் சாலையில் இது சின்ன விஷயமில்லை. ஸ்டெப்னி தனியாகக் கிடைக்குமா, டிக்கியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்.

திருச்சுழிக்கு எது தேவை?

பெட்ரோல் பங்குகளில் 7,432 வேக சார்ஜர்கள் வைக்க மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்களுக்கு 2023-ல் மத்திய அரசு 800 கோடி ஒதுக்கியது. சென்னை – திருச்சி – மதுரை சாலையில் பாரத் பெட்ரோலியம் 2022-லேயே வேக சார்ஜர்களை வரிசையாக வைத்துவிட்டது. நெடுஞ்சாலையில் இருபது கிலோமீட்டருக்கு ஒன்று என்று மத்திய மின்துறையின் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது. எல்லாம் பெரிய சாலையைப் பற்றிய பேச்சு. நாலுவழிச் சாலையை விட்டுக் கிழக்கே இறங்கி திருச்சுழி, நரிக்குடி, கமுதி என்று போகிறவர், வழியில் சார்ஜர் இல்லை என்று வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். தனியார் யாரும் அங்கே லட்சக்கணக்கில் போட்டு டி.சி. மெஷின் வைக்க மாட்டார்கள். நாளுக்கு இரண்டு கார் வருகிற இடத்தில் அது கட்டுப்படியாகாது, அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை.

ஆனால் அந்த ஊர்களுக்கு டி.சி. தேவையே இல்லை என்பதுதான் என் கட்சி. திருச்சுழியை எடுத்துக்கொள்ளுங்கள். ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர். திருமேனிநாதர் கோயிலுக்கும், அவர் பிறந்த வீடான சுந்தர மந்திரத்துக்கும் வெளியூர்க் கார்கள் வருகின்றன. வந்தவர்கள் ஒன்றரை மணி நேரமாவது நிற்கிறார்கள். 7.4 கிலோவாட் ஏ.சி. சார்ஜர், அதை முழுதாக வாங்கிக்கொள்கிற காருக்கு, அந்த நேரத்தில் பத்து யூனிட் ஏற்றிவிடும். அறுபது கிலோமீட்டர் ஓட்டம். மதுரை வாசலுக்கே கொண்டுபோய்விடும். அந்த மெஷினின் விலை லட்சத்துக்குள். டிரான்ஸ்ஃபார்மர் மாற்ற வேண்டாம், ஆள் போட வேண்டாம். தாலுகா ஆபீஸ், அரசு மருத்துவமனை, பஸ் ஸ்டாண்ட், கோயில் வாசல் என்று இரண்டிரண்டாக வைத்தால் ஒரு டி.சி. மெஷின் செலவில் ஒரு தாலுகாவே முடிந்துவிடும். சார்ஜர் வைத்துக் காசு வாங்க மின்சாரம் விற்கிற உரிமம் எதுவும் தேவையில்லை என்று மத்திய மின்துறை 2018-லேயே தெளிவுபடுத்திவிட்டது. மெஸ் நடத்துகிற ஒருவர்கூட வைக்கலாம். சாப்பாடும் விற்கும்.

பகல் நேரமும் இதில் சேர்கிறது. காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை சூரிய மின்சாரம் மிதமிஞ்சி இருக்கிற நேரம். அந்த நேரத்தில் சார்ஜர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி மத்திய வழிகாட்டுதலே இருக்கிறது. அந்த ஏழு மணி நேரமும் அருப்புக்கோட்டையின் கார்கள் எங்கே நிற்கின்றன? நூற்பாலை வளாகத்தில், கல்லூரியில், வங்கி வாசலில், ஜவுளிக்கடைத் தெருவில். மில் முதலாளிகள் ஷெட் நிழலில் பத்து 15 ஆம்பியர் சாக்கெட் போட்டுக் கொடுத்தால் வீட்டில் எர்த்தும் இல்லாமல் இடமும் இல்லாமல் தவிக்கிற ஊழியருக்கு வழி பிறக்கும். கமுதி கரண்டை ராத்திரி தேடினால் கிடைக்காது.

  

யார் வாங்கலாம், யார் பொறுக்கலாம்

2023 பிப்ரவரியில் வந்த தமிழக அரசின் திருத்திய மின்வாகனக் கொள்கை, 2025 இறுதி வரை சாலை வரியை முழுக்கத் தள்ளுபடி செய்திருந்தது. நீங்கள் புக் பண்ணுகிற அன்றைய நிலவரத்தை ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிட்டு, ஷோரூம் தருகிற ஆன்ரோடு விலைச் சீட்டில் அந்த வரியை ஒத்துப்பாருங்கள். மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கும் 28-லிருந்து 18-ஆகக் குறைந்துவிட்டதால், விலை வித்தியாசம் மறுபடி பெட்ரோல் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. சொந்தக் காருக்கு மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மானியம் கிடையாது.

லிட்டர் நூறு ரூபாய்ப் பெட்ரோலில் 18 கிலோமீட்டர் ஓடுகிற காருக்குக் கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய். வீட்டில் எட்டு ரூபாய் யூனிட்டில் சார்ஜ் போட்டால் ஒன்றரை ரூபாய்க்குள். மிச்சம் நாலு ரூபாய். மின்சாரக் காருக்கு இரண்டு லட்சம் கூடுதலாகக் கொடுத்தால் அதை எடுக்க 50,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். மாதம் 2,000 ஓட்டுகிறவர் இரண்டே வருஷத்தில் எடுத்துவிடுவார். தினம் மதுரைக்குப் போய்வருகிறவர், ஊர் ஊராகச் சுற்றுகிற பைனான்ஸ்காரர், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி எல்லாம் இந்தக் கணக்கில் வருவார்கள். விடிகாலையில் மல்லிகை மூட்டையோடு மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்குச் சரக்கு ஆட்டோவிலும் மினி டிரக்கிலும் மின்சார வண்டி வந்துவிட்டது. ராத்திரி முழுக்க நிற்கிற வண்டி, காலையில் குறிப்பிட்ட தூரம், மதியத்துக்குள் வீடு. அவர்கள் ஓட்டத்துக்கே அளவெடுத்துச் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் முகூர்த்த நாளில் மண்டபத்துக்கும் மட்டும் காரை வெளியே எடுக்கிறவர், மாதம் 400 கிலோமீட்டர் ஓட்டினால், பத்து வருஷத்தில்தான் அந்த இரண்டு லட்சத்தைப் பார்ப்பார். பேட்டரிக்குப் பொதுவாக எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம். அவர் பெட்ரோல் காரிலேயே இருக்கலாம், பாவமொன்றும் இல்லை.

வாடகை வீட்டுக்காரர்தான் பாவம். வண்டி தெருவில் நிற்கும், மீட்டர் மாடியில் இருக்கும், வீட்டு ஓனர் குழி தோண்ட விடமாட்டார். மாடியிலிருந்து வயரைத் தொங்கவிட்டு நடைபாதை வழியாகச் சார்ஜ் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம். கார் வாங்குவதற்கு முந்தின மாதம் வீட்டு ஓனரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள்: தனி மீட்டர் செலவு நம்முடையது, எர்த்துக் குழி செலவும் நம்முடையது, காலி செய்யும்போது குழி அவருக்கு. ஃபிரிட்ஜ் ஷாக் அடிக்காமல் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் கொடுத்து கார் புக் பண்ணாதீர்கள்.